ஒன்பது வருடம் கையில் இருந்த ஒத்துவாக்கிய வேதாகமம்: பைண்டிங்குக்குப் பிறகு

முதுகு பிரிந்திருந்த என் ஒத்துவாக்கிய வேதாகமம் போன வாரம் புது அட்டையோடு திரும்பி வந்தது. சேர்ச்சில் அதைப் பார்த்த தோழி, "நானும் இப்படி ஒன்று வாங்கட்டா அக்கா? உண்மையாகவே வாழ்க்கைக்கு உதவுதா?" என்று கேட்டாள்.

மொழிபெயர்ப்பு எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே பழைய திருப்புதல்தான். கூடுதலாக இருப்பது, பக்கத்தின் உள்ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட ஒத்துவாக்கியங்கள், அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் எண்கள்.

நாலு வருடத்துக்கு முன், தம்பி முறையான ஒருவன் த்ரீவீலர் லீசிங்குக்கு என்னிடம் பிணைக் கையெழுத்து கேட்டான். வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் படிவத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று இரவு நீதிமொழிகள் 6:1 எடுத்தேன். சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் 'கையடித்துக் கொடுத்தவனுக்கு' அங்கே எச்சரிக்கை. கையோடு கை அடித்து வாக்குக் கொடுப்பது அந்தக் காலத்துக் கையெழுத்து. வேடன் கைக்குத் தப்பும் குருவிபோலத் தப்பிக்கொள் என்கிறது. சரி, முடியாது என்று சொல்லிவிடலாம் என்று மூடப்போனபோது, ஓரத்தில் ஆதியாகமம் 43:9 கண்ணில் பட்டது.

அங்கே யூதா, தன் தம்பி பென்யமீனுக்காக நான் பிணை என்று தகப்பனிடம் சொல்கிறான். இன்னொரு தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று முன்பு யோசனை சொன்ன அதே யூதா! 44-ம் அதிகாரத்தில் பென்யமீன் மாட்டிக்கொண்டதும், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நிற்கிறான். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் 'பிணை'க்கு ஒரே வேர்ச்சொல்தான். ஓரிடத்தில் பிணையிலிருந்து தப்பிக்கொள் என்கிறது, இன்னோரிடத்தில் பிணை நின்றவனால் உடைந்த குடும்பம் ஒன்றுசேர்கிறது. அடுத்து ஓரம் காட்டியது நீதிமொழிகள் 22:27. செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும்.

அப்போதுதான் விளங்கியது. யூதா தன்னையே கொடுக்கத் தயாராக இருந்தான். என்னால் எவ்வளவு கொடுக்க முடியும்? வீட்டு வாடகை, பிள்ளைகளின் டியூஷன் காசு எல்லாம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். அவன் கட்டாமல் விட்டால் இரண்டு தவணை தாங்குவேன், மூன்றாவது முடியாது. கையெழுத்துப் போடவில்லை. அந்த இரண்டு தவணைக் காசை முற்பணத்துக்கு வைத்துக்கொள், திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தேன். ஒரு மாதம் அவன் என்னோடு கதைக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு அவன் வண்டியில்தான் போகிறோம்.

இவ்வளவும் அந்த ஓரத்தால் கிடைத்தது. அந்த ஓரம்தான் இப்போது மடிப்புக்குள் போய்விட்டது! பைண்டிங்காரர் அவ்வளவு இறுக்கித் தைத்திருக்கிறார். நீதிமொழிகள் 6-ல் 'ஆதி. 4' வரைக்கும்தான் தெரிகிறது, மிச்சத்தைப் பார்க்க இரண்டு பெருவிரலாலும் பக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, தையல் நல்ல உறுதி. ஒத்துவாக்கியத்தைத் தையல் பக்கம் கொண்டுபோய் அச்சிட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். தினமும் புரட்டுகிற புத்தகம் ஒரு நாள் பிரியும், திரும்பத் தைக்க வேண்டி வரும் என்று யோசித்திருக்க வேண்டாமா?

தோழியிடம் இதை வாங்காதே, ஒத்துவாக்கியம் பக்கத்தின் நடுவில் வரும் பதிப்பாகப் பார் என்றேன். அப்படியென்றால் ஒரு மாதம் இரவல் தாருங்கள் என்றாள். கொடுக்க மனம் வரவில்லை. மறைந்த எண்களையெல்லாம் வெளி ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருகிறேன். நேற்றிரவு யாத்திராகமம் 12 முடிந்தது.