உபுண்டு 18.04-லிருந்து 22.04 வரை: ஒரு மொத்த வணிகச் சர்வருடன் என் அனுபவம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியில் மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரைப் பல ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். ஆர்டர், கையிருப்பு, வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் அந்த ஒரே இயந்திரத்தில்தான் உள்ளன. பைத்தானில் எழுதப்பட்ட ஒரு மென்பொருளும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் உபுண்டு என்ற இயங்குதளத்தின் 18.04 பதிப்பில் இயங்கிவந்தன. அந்தப் பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்துடன் நிற்கவிருந்ததால், அவ்வாண்டு சீனப் புத்தாண்டையொட்டி ஜனவரி 21 முதல் 24 வரை கிடைத்த இடைவெளியில் 20.04-க்கும், அடுத்த ஆண்டின் புத்தாண்டு விடுமுறையில் 22.04-க்கும் மாறினோம். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும், நடுவிலுள்ள 20.04-ஐத் தாண்டிச் செல்ல வழியில்லை.

மேம்படுத்தும் வேலை அச்சமூட்டுவதாக இல்லை. தொலைவிலிருந்து செய்யும்போது இணைப்பு அறுந்தால் மீண்டும் நுழைவதற்காக 1022 என்ற போர்ட்டில் இன்னொரு வாசலை மேம்படுத்தல் கருவியே திறந்துவைக்கிறது. வெளியார் மென்பொருள் களஞ்சியங்களை அதுவே முடக்கிவிடுகிறது. பைத்தான் 3.6-லிருந்து 3.8-க்கு மாறியதால் மென்பொருளுக்கான நூலகங்களைத் தனியே வைத்திருந்த பழைய மெய்நிகர் சூழல் செயலிழந்தது. நூலகங்களின் பட்டியல் கைவசம் இருந்ததால் அதைப் புதிதாக அமைக்க ஒரு மணி நேரமே ஆனது. சர்வரின் நகல் ஒன்றில் முன்பே ஒத்திகை பார்த்திருந்தோம். எல்லாச் சேவைகளும் எழுந்தன, பிழைப்பதிவு எதுவும் இல்லை, வேலை முடிந்தது என்றே நம்பினேன்.

இரண்டாவது வாரத்தில் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணே, இந்தக் கடைக்காரர் அஞ்சு வருஷமா நம்மகிட்ட வாங்குறார், தேடினா பேரே வரலையே" என்றார். தரவுத்தளத்தில் அந்தப் பெயர் இருந்தது. இன்டெக்ஸை, அதாவது விரைவாகத் தேடுவதற்காகப் பெயர்களை வரிசையாக அடுக்கிவைத்த பட்டியலை, தவிர்த்து அட்டவணை முழுவதையும் படிக்கச் சொன்னால் கிடைத்தது. இன்டெக்ஸ் வழியாகத் தேடினால் கிடைக்கவில்லை.

காரணம் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். எழுத்துகளின் வரிசைமுறையைப் போஸ்ட்கிரெஸ், இயங்குதளத்தின் இந்த நூலகத்திடமிருந்தே பெறுகிறது. 2018-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த வரிசைமுறை பெரிதும் மாற்றப்பட்டது. உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27, 20.04-இல் இருப்பது 2.31. முன்பு '11' என்பதற்குப் பின்னால் வந்த '1-1' இப்போது அதற்கு முன்னால் வருகிறது. பழைய முறையில் அடுக்கப்பட்ட இன்டெக்ஸில் புதிய முறையைக் கொண்டு தேடினால், இருக்கும் பெயரும் இல்லாததுபோல் தோன்றும். நம் ஊரில் தமிழர் பெயர்களின் நடுவே 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று சாய்கோடு வருவதும், வீட்டு முகவரிகளில் தளத்துக்கும் வீட்டெண்ணுக்கும் இடையே சிறுகோடு வருவதும் வழக்கம் என்பதால், மாற்றத்தின் அடி எங்கள் வாடிக்கையாளர் அட்டவணையில் நேராக விழுந்தது.

அதைவிட வருத்தம் தந்தது, பெயர் காணவில்லை என்று வாடிக்கையாளர்கள் சிலரை ஊழியர்கள் புதிதாகப் பதிவு செய்திருந்ததுதான். ஒரே பெயர் இருமுறை வரக்கூடாது என்ற தடையும் அதே இன்டெக்ஸை நம்பியிருந்ததால், தரவுத்தளம் அதை ஏற்றுக்கொண்டது. இன்டெக்ஸை மறுபடி கட்ட முயன்றபோது இரட்டைப் பதிவுகளைக் காரணம் காட்டி அது மறுத்துவிட்டது. ஒவ்வொரு கணக்கையும் நிலுவைத் தொகையோடு ஒப்பிட்டுக் கையால் இணைத்த பிறகே கட்ட முடிந்தது. பிறகு போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து 12-க்கு மாறும்போது தரவை வெளியே எழுதி மீண்டும் ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். அதில் இன்டெக்ஸ்கள் அனைத்தும் புதிதாகவே உருவாகின்றன.

ஒத்திகையில் இது ஏன் தெரியவில்லை என்ற கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியது. வாடிக்கையாளர்களின் தனிநபர் தகவலைச் சோதனை இயந்திரத்தில் வைக்கக்கூடாது என்று கருதி, அங்கே கற்பனைப் பெயர்களை நிரப்பியிருந்தேன். அந்த எண்ணம் சரியானது. ஆனால் என் கற்பனைப் பெயர் ஒன்றில்கூடச் சாய்கோடு இல்லை.

22.04-க்குச் சென்றபோது ஆம்செக் என்ற துணைக்கருவியால் இன்டெக்ஸ் ஒவ்வொன்றையும் சரிபார்த்தோம். குறை ஏதும் இல்லை. கிடங்கிலுள்ள பழைய எடைக் கருவி மட்டும் கோப்புகளை அனுப்ப முடியாமல் நின்றது. தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சின் புதிய பதிப்பு, ஷா-1 என்ற பழைய முறையின் அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. அக்கருவியின் பயனர் கணக்குக்கு மட்டும் அதை அனுமதித்திருக்கிறேன். கருவியை மாற்றும் நாளில் அந்த வரியையும் நீக்கிவிடுவேன்.

22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027 வரை உண்டு. அடுத்த முறை இருக்கும் இயந்திரத்திலேயே மேம்படுத்தப் போவதில்லை. 24.04-இல் புதிய சர்வரை அமைத்து, தரவை அங்கே ஏற்றி, பழையதை ஒரு மாதம் அணைத்து வைத்திருப்பதாக முடிவு செய்துள்ளோம். ஒத்திகைக்கான பெயர்களை இப்போது ஒரு சிறு நிரல் உருவாக்குகிறது. உண்மைப் பெயரின் எழுத்துகளை அது மாற்றிவிடும். சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி ஆகியவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும்.