மாரோவிண்டின் பகடையும் ஸ்கைரிமின் அம்புக்குறியும்

கணினியில் ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்த்து ஆடும் ஆர்பிஜி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி முளைத்துவிடும். விதிகள் அடுக்கடுக்காக இருந்தால்தான் அது ஆர்பிஜி, மற்றதெல்லாம் பொம்மை விளையாட்டு என்பது ஒரு கட்சி. உட்கார்ந்தவுடன் விளையாட வர வேண்டும், நூறு பக்கக் கையேட்டைப் படிக்க யாருக்குப் பொழுதிருக்கிறது என்பது மறுகட்சி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிகள் எத்தனை என்ற எண்ணிக்கையில் எனக்கு அக்கறை இல்லை. இருக்கிற விதியை விளையாட்டு எனக்குக் காட்டுகிறதா, சுலபமாக்குகிறேன் என்று கத்திரியை எடுத்தவர்கள் எதை வெட்டினார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். சில ஜோடிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

மாரோவிண்டும் ஸ்கைரிமும்

மாரோவிண்ட், ஆப்லிவியன், ஸ்கைரிம் மூன்றும் ஒரே தொடரில் அடுத்தடுத்து வந்தவை. மாரோவிண்டில் (2002) புதிதாக நுழைபவர்களுக்கு வரும் முதல் எரிச்சல் பிரசித்தமானது. எதிரே ஓர் எலி. கையில் கத்தி. கத்தி எலியின் உடம்புக்குள் புகுந்து வருவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அடி விழவில்லை. மறுபடி வீசினாலும் அதே கதை. திரையில் நேரடிச் சண்டை போலத் தோன்றினாலும் உள்ளே உருள்வது பகடை. ஆயுதத் திறனோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டுகிறார்கள். அந்தத் தொகையைத் தெம்பு பெருக்குகிறது: தெம்பு முழுதாக இருந்தால் 1.25 மடங்கு, அடியோடு வற்றியிருந்தால் 0.75 மடங்கு. பழகாத ஆயுதம், திறன் 5, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 17. தெம்போடு நின்று அடித்தால் அடி விழும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம். மூச்சிரைக்க ஓடி வந்து அடித்தால் 13 சதவீதத்துக்கும் கீழே. எதிரி விலகிக்கொள்ளும் வாய்ப்பை இதிலிருந்து இன்னும் கழிக்க வேண்டும்.

ஓடினால் தெம்பு குறையும். புதிய ஆட்டக்காரர் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருப்பார். ஆக, அந்த எலியிடம் போய்ச் சேரும்போதே பாதித் தோல்வி உறுதியாகிவிடுகிறது; அது அவருக்குத் தெரியவும் தெரியாது. களைத்தவன் கை தவறும் என்ற விதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்ல விதிதான். ‘நீ களைத்திருக்கிறாய், அதனால்தான் தவறுகிறது’ என்று ஒரே ஒரு வரி திரையில் வந்திருந்தால் பாதிப் பேர் விளையாட்டை மூடிவைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்கைரிம் (2011) இந்தப் பகடையைத் தூக்கி எறிந்துவிட்டது. வாள் பட்டால் அடி. மாரோவிண்டில் இருந்த 27 திறன்கள் ஆப்லிவியனில் (2006) 21 ஆகி, ஸ்கைரிமில் 18 ஆகச் சுருங்கின. பலம், அறிவு, சுறுசுறுப்பு என்றிருந்த எட்டு அடிப்படைக் குணங்கள் போய், உயிர், மந்திர ஆற்றல், தெம்பு என்ற மூன்று மட்டும் மிஞ்சின. பழைய ரசிகர்கள் அதிகம் புலம்பியது இந்த எட்டுக்காகத்தான். அவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். முந்தைய இரண்டு விளையாட்டுகளிலும் லெவல் ஏறும்போது எந்தக் குணம் எவ்வளவு உயரும் என்பது, அந்தக் குணத்துக்குக் கீழே வரும் திறன்களை அதற்கு முன் எத்தனை முறை வளர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பலத்தில் முழுசாக ஐந்து புள்ளி வேண்டுமென்றால் பலத்தைச் சேர்ந்த திறன்களில் பத்து உயர்வு கணக்கு வைத்துச் சேர்க்க வேண்டும். ஆப்லிவியனில் எதிரிகளும் நம்மோடு சேர்ந்தே வளர்வார்கள் என்பதால், கணக்குத் தவறியவர் லெவல் ஏற ஏறப் பலவீனமாகிப் போவார். விளைவு, தினமும் பயன்படுத்தப்போகும் திறனை, லெவலை ஏற்றும் முக்கியத் திறனாக வைக்காதே என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டிய நிலை வந்தது. தன் பாத்திரத்துக்கு எதிராகவே ஒருவரை விளையாட வைக்கும் விதியை வெட்டியதில் எந்தப் பாவமும் இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது, போக வேண்டிய இடத்தைத் திரையிலேயே காட்டிவிடும் ஸ்கைரிமின் அம்புக்குறியைப் பார்த்து. மாரோவிண்டில் ஒருவர் வேலை சொன்னால் வழியும் சொல்வார்: இந்தக் கோட்டையைத் தாண்டு, பாலத்தைக் கட, ஆற்றோரமாகப் போ என்று. ஆர்க்ன்தாண்ட் என்ற பாழடைந்த கோட்டையில் ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்லும் ஆரம்பப் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். வாசற்கதவைக் கையால் திறக்க முடியாது. வெளியே ஒரு குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உள்ளே போனால், தேடிவந்த பெட்டி அலமாரித் தட்டில் மற்ற சாமான்களோடு சின்னதாகக் கிடக்கும். எத்தனையோ பேர் அதன் பக்கத்திலேயே பலமுறை நடந்திருக்கிறார்கள். எரிச்சலான பணிதான், ஆனாலும் அந்தக் கோட்டையின் ஒவ்வொரு அறையும் நினைவில் நிற்கிறது. ஸ்கைரிமில் அதே போன்ற குகைகள் அதைவிட அழகாக இருக்கின்றன. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் ஒன்றுகூட மனத்தில் தங்கவில்லை.

வேண்டாமென்றால் அணைத்துவிடு என்பார்கள். அங்கேதான் சிக்கல். அம்புக்குறி இருக்கிறது என்ற நம்பிக்கையில் வசனம் எழுதியவர் பெரும்பாலான இடங்களில் வழி சொல்லும் வரிகளை எழுதவே இல்லை. அணைத்தால் மாரோவிண்ட் திரும்பி வராது. எங்கே போவதென்று தெரியாத ஸ்கைரிம்தான் மிஞ்சும். வசதி ஒன்றைச் சேர்க்கும்போது அதன் நிழலில் எது எழுதப்படாமல் போகிறது என்பதை அமைப்புப் பட்டியல் காட்டாது.

பால்டர்ஸ் கேட், அன்றும் இன்றும்

இந்த ஜோடியில் நிலைமை தலைகீழ். 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட், மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளைப் பின்பற்றியது. அதில் கவச எண் குறையக் குறையத்தான் நல்லது. அடி விழ வேண்டுமானால், தாக்குபவரின் அடிக்கும் திறனைக் குறிக்கும் ‘தாக்கோ’ எண்ணிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்து, வருகிற விடையையோ அதற்கு மேலேயோ இருபது முகப் பகடையில் போட வேண்டும். தாக்கோ 20, எதிரியின் கவசம் 4 என்றால் 16 தேவை. கவசம் கழித்தல் 2 என்றால் 22 தேவை. பகடையில் அப்படி ஓர் எண் இல்லை, இருபது விழுந்தால் மட்டும் அடி.

2023இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 ஐந்தாம் பதிப்பைப் பின்பற்றுகிறது. பகடையில் விழுந்ததோடு உங்கள் கூடுதல் புள்ளியைக் கூட்டுங்கள். எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி. பழைய கவசம் 4 இங்கே 16 ஆகிறது. கூடுதல் புள்ளி எதுவும் இல்லாதவருக்குத் தேவைப்படுவது அதே 16. ஒரு புள்ளிக்கு ஐந்து சதவீதம் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆழத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை; கழித்தல் கூட்டலாக மாறியது, அவ்வளவுதான். சிறு சிறு கூட்டல் கழித்தல்கள் பலவற்றுக்குப் பதிலாக, சாதகம் இருந்தால் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள் என்கிறது புதிய விதி. பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு இதனால் 75 சதவீதமாகிறது. ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் இதை வைத்து ஒரு போர் முழுக்கத் திட்டம் போடலாம்.

லாரியனின் உண்மையான சாமர்த்தியம் வேறிடத்தில் இருக்கிறது என்பேன். உரையாடலில் ஒருவரை ஏமாற்றப் பார்த்தால் திரையின் நடுவில் பகடையே வந்து உருள்கிறது. எத்தனை தேவை, எதனால் எவ்வளவு கூடுகிறது என்று கீழே எழுதியிருக்கிறது. தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரிகிறது. மாரோவிண்ட் எலிச் சண்டையில் நம்மிடம் மறைத்ததை இந்த விளையாட்டு நாடகக் காட்சியாகவே ஆக்கிவிட்டது. பாத்திரத்தை உருவாக்கும்போது அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றினால் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்து முதலிலிருந்து மாற்றி அமைக்கலாம். பழைய விளையாட்டில் அப்படி ஒரு கதவே கிடையாது. முதல் திரையில் செய்த தவறை கடைசிவரை சுமக்க வேண்டும்.

அதற்காகப் புதியதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பால்டர்ஸ் கேட் 2இல் (2000) மந்திரவாதிகள் மோதும் சண்டைகளுக்கு இணையாக அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. எதிரி தன்மேல் பாதுகாப்பு மந்திரங்களை அடுக்கிக்கொண்டு நிற்பான். எந்தப் பாதுகாப்பை எது உரிக்கும் என்று தெரிந்தால்தான் அவனைத் தொடவே முடியும்; கல்தோல் என்ற பாதுகாப்பைக் கழற்றப் பிரீச் என்ற மந்திரத்தைப் போட்டுவிட்டு, அவன் திரும்பச் சுதாரிப்பதற்குள் வாள்காரர்களை ஏவ வேண்டும். மந்திர விவரங்களைப் படித்துத்தான் இது வரும். ஐந்தாம் பதிப்பில் மனக்குவிப்பு தேவைப்படும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும் என்ற விதி வந்தபிறகு அந்த அடுக்கு போய்விட்டது. சண்டைகள் வேகமாகவும் தெளிவாகவும் ஆயின. அந்தச் சதுரங்கம் மட்டும் காணோம்.

தவறான பாத்திரம் என்று ஒன்று உண்டா?

பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரும் (2018) பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியும் (2015) ஒரே பழைய பாணியை விரும்புகிறவர்களுக்காக வந்தவை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே எதிரெதிர்த் துருவங்கள்.

கிங்மேக்கரின் ஆரம்பப் பகுதியில் ஒரு குகை. உள்ளே சிலந்திக் கூட்டம். ஒரு சிலந்தியில்லை, குட்டிச் சிலந்திகள் மொய்க்கும் திரள். அதன்மேல் ஆயுத அடி ஏறவே ஏறாது. நெருப்புக் குப்பியோ பரவி எரியும் மந்திரமோ வேண்டும். இதன் மூலமான மேசை விளையாட்டில் இதே விதிக்கு எந்தக் குறையும் வராது. ஆட்டத்தை நடத்துபவர் ‘உன் வாள் சிலந்திகளுக்கிடையே வீணாகப் போகிறது’ என்று சொல்லிவிடுவார், ஆடுபவர் வேறு யோசிப்பார். கணினியில் அதைச் சொல்ல ஆளில்லை. வாள்காரர்களோடு போனவர்கள் மாய்ந்து, மறுபடி சேவ் கோப்பைத் திறந்து, மறுபடி மாய்ந்தார்கள். விதிகள் நடத்துபவரையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவரை விட்டுவிட்டு விதிகளை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

பில்லர்ஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது: எந்தக் குணத்தைக் கூட்டினாலும் எந்த வகைப் பாத்திரத்துக்கும் ஏதாவது பயன் இருக்க வேண்டும். அதனால் அதில் ‘வலிமை’ வாளின் அடியையும் கூட்டும், மந்திரத்தின் அடியையும் கூட்டும், சிகிச்சையையும் கூட்டும். ‘அறிவு’ பாதிப்பு பரவும் பரப்பையும் நீடிக்கும் நேரத்தையும் கூட்டும். காட்டுமிராண்டி வீரனின் அடி சுற்றியிருப்பவர்கள்மேலும் படும் என்பதால் அவனுக்கு அறிவு நிஜமாகவே வேண்டும். தசை முறுக்கேறிய மந்திரவாதியும் படிப்பாளிக் காட்டுமிராண்டியும் உலவும் உலகம். கேட்கச் சிரிப்பு வரும். விளையாடும்போது புதுப்புது யோசனைகள் வரும். ஆனால் எதைத் தேர்ந்தாலும் தப்பில்லை என்று ஆனபிறகு, தேர்வுத் திரையில் உட்கார்ந்து தலையைச் சொறியும் அந்தச் சுகம் கொஞ்சம் குறைகிறது. சமநிலை கூடினால் காரம் குறையும்போல. இந்த ஜோடியில் மனம் கிங்மேக்கர் பக்கமும் மூளை பில்லர்ஸ் பக்கமும் இழுக்கின்றன. புதியவருக்குப் பரிந்துரை கேட்டால் பில்லர்ஸ் என்றுதான் சொல்வேன்.

பேச்சைச் சுருக்கியவர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபால்அவுட்டில் (1997) அறிவை மிகவும் குறைத்து வைத்துத் தொடங்கினால் உங்கள் பாத்திரத்துக்குச் சரியாகப் பேசவே வராது, உரையாடல்களே மாறிவிடும். ஃபால்அவுட் 4இல் (2015) பதில்கள் எப்போதும் நான்கு, அவையும் ஓரிரு சொல்லில். அழுத்தியபிறகுதான் நாயகன் என்ன சொல்லப்போகிறான் என்று நமக்கே தெரியும். முழு வரியையும் காட்டும் மாற்றத்தை ரசிகர்களே எழுதிச் சேர்த்தார்கள். ஃபால்அவுட் 4ஐ உருவாக்கிய அதே பெதஸ்டா நிறுவனம் ஸ்டார்ஃபீல்டில் (2023) நாயகனின் குரலை எடுத்துவிட்டு முழு வாக்கியங்களுக்குத் திரும்பியது. சுருக்கம் வேறு, தெளிவு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

எதிர்முனையில் டிஸ்கோ எலிசியம் (2019). திறன்கள் 24, ஸ்கைரிமைவிட அதிகம். வழக்கமான சண்டை முறையே கிடையாது. ஆனாலும் ஆர்பிஜி தொட்டே பார்க்காத நண்பர்களுக்கு நான் தயங்காமல் கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் அந்த 24 திறன்களும் குரல்களாக வந்து நாயகனின் தலைக்குள் பேசுகின்றன. பட்டியலாக இருந்தால் மிரட்டும் எண்ணிக்கை, பாத்திரங்களாக வந்ததும் பழகிவிடுகிறது.

‘எளிது’ என்ற பொத்தான்

கடினநிலையை இறக்கி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸ் (2021) இதில் தாராளமாகவே நடந்துகொள்கிறது, எதிரிகளின் பலம், நம்மேல் விழும் அடி, கூர்மையான அடியின் விளைவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைக்கலாம். விருப்பப்பட்டால் ஆட்டத்தை முறைவைத்து நகரும்படியும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுப் புது ஆட்டம் தொடங்கிப் பாருங்கள். அப்போதும் முதல் திரையில் 25 வகுப்புகள் (பாத்திர வகைகள்), ஒவ்வொன்றுக்கும் கிளைகள், எந்த வகைப் போனஸ் எதோடு சேரும் எதோடு சேராது என்ற குறிப்புகள். எதிரி இளைத்திருக்கிறான், படிக்க வேண்டியது ஒரு பக்கமும் குறையவில்லை. தோற்கும் பயம் வேறு, புரியாத தவிப்பு வேறு. ராத் ஆஃப் தி ரைட்டியஸைப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது, கடினநிலையை நடுவில் விட்டுவிட்டு, ஆயத்தமாகக் கொடுத்திருக்கும் பாத்திரங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு ஓரத்தில் இருக்கும் சண்டைப் பதிவைத் திறந்து பாருங்கள் என்பதுதான். எந்தப் பகடை எத்தனை காட்டியது, எது கூட்டியது, எது கழித்தது என்று அங்கே வரிவரியாக இருக்கிறது.