ராட்சத செக்கோயா விதைப்பெட்டி: சுங்கை சிப்புட் வெயிலுக்குத் தாங்குமா?

இணையக் கடைகளில் அறுபது ரிங்கிட் சுமாருக்கு விற்கும் ராட்சத செக்கோயா வளர்ப்புப் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்பீடு. உள்ளே 20 விதை, ஆறு பீட் வில்லை (மக்கிய பாசிமண்ணை அழுத்திச் செய்த கட்டி), பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு தட்டு, மடித்த குறிப்புத்தாள் ஒன்று. அட்டையில் கலிபோர்னியாவின் ஜெனரல் ஷெர்மன் மரம், கன அளவில் உலகிலேயே பெரிய செக்கோயா; அடியில் நிற்கும் ஆள் எறும்பு மாதிரி தெரிகிறான். லயத்து வீட்டை விட்டு வந்து கம்பத்தில், அதாவது கிராமத்தில், அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வாங்கிப் போட்டவர்கள் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் நிறையப் பேர். நிலம் இருக்கிறது, மழை இருக்கிறது, பால்மரமும் செம்பனையும் வளர்த்த கை இருக்கிறது. இது மட்டும் வராமல் போய்விடுமா என்று தோன்றத்தான் செய்யும். விதை அசல். பெட்டியிலும் பெரிய குறை இல்லை. ஆனால் மரம் வராது. கன்று வரும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. அது தெரிந்து வாங்குவதென்றால் வாங்கலாம்.

விதை அசல்தானா என்று பார்ப்பது சுலபம். ராட்சத செக்கோயா விதை 4, 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். தட்டையாக, வைக்கோல் நிறத்தில், நடுவில் கருத்த கோடும் இருபுறமும் அகலமான இறக்கையுமாக, உடைத்த ஓட்ஸ் துணுக்கு போல. அவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவு சின்ன விதையா என்று ஏமாற வேண்டாம், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய இருநூறு நிற்கும். விதை இன்னும் சின்னதாக, செம்பழுப்பாக, குறுகிய இறக்கையோடு இருந்தால் அது கடலோரச் செக்கோயா. அது வேறு மரம். உயரத்தில் உலகிலேயே முதலாவது, ஆனால் அட்டைப்படத்தில் இருப்பது அதுவல்ல. நீலம், ஊதா என்று வண்ண வண்ண மரங்களின் படத்தைப் போட்டு விற்கும் பக்கங்களை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

குறிப்புத்தாளில் முதல் படி சரியாக இருக்கிறது, ஆனால் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். செய்ய வேண்டியது இது. விதையை 24 மணி நேரம் சுத்தமான தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளில் பரப்பி, சுருட்டி, ஜிப் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். 4 டிகிரி சுமார் குளிர் போதும். மேலே உள்ள உறைபெட்டியில் வைத்தால் ஊறிய விதை செத்துவிடும். குறைந்தது 30 நாள், முடிந்தால் 45. வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, பூசணம் பிடித்த விதையை எடுத்து எறிந்து தாளை மாற்ற வேண்டும். பனி மலையில் விழுந்த விதை குளிர்காலத்தைக் கடந்துவிட்டதாக நம்ப வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இதை விட்டுவிட்டு நேராக மண்ணில் போட்டால் ஒன்றிரண்டு முளைக்கலாம், அதுவும் ஆளுக்கொரு நாளில். முறையாகச் செய்தாலும் பாதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இருபதில் ஐந்தாறு எழும்பினால் நல்ல பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

பீட் வில்லையை நம் ஊரில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். பகலில் 32, 33 டிகிரி, ராத்திரியிலும் 23க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்தச் சூட்டில் ஈரம் தேங்கினால் நாற்றழுகல் பூசணத்துக்கு விருந்து. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். அதற்குப் பிறகு மருந்தடித்துப் பயனில்லை. கழுவிய ஆற்று மணல் இரண்டு பங்கு, அலசிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல் துணுக்கு) ஒரு பங்கு கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்சட்டியில் போடுங்கள். மண்சட்டி ஏனென்றால் அது வியர்க்கும், வேர் கொஞ்சம் குளிரும். (ஐஸ் கட்டி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குளிரும், அரை மணி நேரம்.) விதையைப் புதைக்காமல் மேலே வைத்து 3 மில்லிமீட்டர் மணல் தூவினால் போதும். முளை மண்ணுக்கு வெளியே வந்ததும் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். குறிப்புத்தாள் 'ஆறு வாரம் மூடியே வைக்கவும்' என்கிறது, நாற்று சாவதற்கு அந்த ஒரு வரியே போதும். விதைத்தோல் தொப்பி மாதிரி தலையில் ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், நீரைத் தெளித்து அதுவாகக் கழன்று விழ விடுங்கள். பெரும்பாலும் நாலு விதையிலை விரியும். காலை வெயில் பத்து மணி வரை, பிறகு நிழல், ஓயாமல் காற்று. தண்ணீர் காலையில் மட்டும், மேல்மண் காய்ந்த பிறகு.

இத்தனையும் செய்தால் ஒரு சாண் உயரம் வரை பச்சையாக வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். பிறகுதான் வினை. கீழ்க் கிளைகள் உள்ளிருந்து பழுக்கும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவார்கள், வேர் இன்னும் வேகமாகக் கருகும். காரணம் வேறு. இந்த மரத்தின் ஊர் சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவு, 1400 முதல் 2150 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரில் பெரும்பகுதி குளிர்காலப் பனியாக விழுந்து, உருகி, மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. கோடையில் மழையே அரிது. நம் பக்கம் ஓய்வென்பதே கிடையாது. ராத்திரிச் சூட்டில் செடி மூச்சுவிட்டே பகலில் சேர்த்த சர்க்கரையைக் கரைத்துவிடுகிறது, வேருக்கு மிஞ்சுவது சொற்பம். வெதுவெதுப்பான ஈரமண்ணில் அந்த இளைத்த வேரை அழுகல் பிடிக்கிறது. கலிபோர்னியாவிலேயே சூடான சமவெளியில் நட்ட செக்கோயாக்களுக்குக் கிளைகள் காய்ந்துபோகும் நோய் வருகிறது என்றால், சுங்கை சிப்புட் எம்மாத்திரம்?

இதே விற்பனையாளர் ஓர் அடிக் கன்றையும் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார். அதை வாங்காதீர்கள். குளிரான இடத்தில் தேறிய கன்று கீழே வந்தால் விதைக்கன்றைவிடச் சீக்கிரம் கருகும், காசும் கருகும். கேமரன் மலையின் தானா ராத்தாவில் நிலம் இருப்பவர்களுக்கு மட்டும் சின்ன விலக்கு. அங்கே 1440 மீட்டர் உயரம், ராத்திரி பதினைந்து டிகிரிக்கு இறங்கும், செடி கூடுதல் காலம் நிற்கும். ஆனால் அங்கும் பனிக்காலம் இல்லை, மழையோ ஏராளம். மேடான பாத்தி, கூழாங்கல் கலந்த மண், தண்ணீர் தேங்காத சரிவு இருந்தால் முயலலாம். வாக்குறுதி தர முடியாது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விதையோ கன்றோ, இறக்குமதிக்கு அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. சாதாரண உறையில் 'பரிசு' என்று எழுதி அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்கினால் பறிமுதல் உங்கள் பாடு.

பெரிய மரம்தான் வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் இந்த அறுபது ரிங்கிட்டுக்கு உள்ளூர் நர்சரியில் நல்ல கன்றே கிடைக்கும். ஜெனரல் ஷெர்மனின் உயரம் 83.8 மீட்டர். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் ஒரு மஞ்சள் மெராந்தி நிற்கிறது, 2019இல் ஆள் ஏறி நாடா பிடித்து அளந்தபோது 100.8 மீட்டர். செக்கோயாவின் பெருமை பருமனில். உயரத்தில் நம் காடு சளைத்ததல்ல.

எங்கள் தேர்வு காப்பூர், நம் மழைக்காட்டு மரம். பெயரிலேயே கற்பூரம் இருக்கிறது. இதன் கற்பூரத்தைத் தேடித்தான் நம் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் வரை போனார்கள், 1088இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட தரிசில் 1920களில் தொடங்கி வளர்த்த காட்டில் போய் அண்ணாந்து பாருங்கள்: உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் ஆறு மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். கன்று இரண்டு, மூன்று அடி இருக்கட்டும். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மக்கிய உரத்தோடு இருநூறு கிராம் கல் பாஸ்பேட், கூடவே வளர்ந்த காப்பூர் மரத்தடி மண் இரண்டு கை. அந்த மண்ணில்தான் வேரோடு கூடி வாழும் பூஞ்சை இருக்கிறது, அது இல்லாமல் கன்று வருஷக்கணக்கில் அசையாமல் நிற்கும். முதல் இரண்டு வருஷம் பாதி நிழல் வேண்டும், சுற்றி வாழை வைத்தால் போதும். வீட்டுக்கும் மின்கம்பிக்கும் இருபது மீட்டராவது தள்ளி.

அவசரக்காரர்களுக்கு செந்தாங். வேம்பின் நேரடி உறவு, இலையைக் கசக்கினால் தெரிந்துவிடும்; முழு வெயிலில் வேகமாக ஏறும். பழைய பால்மரக் காட்டு நிலமென்றால் அடிக்கட்டைகளை வேரோடு தோண்டி எடுத்த பிறகே நடுங்கள், கட்டையில் தங்கும் வெள்ளை வேர்நோய் புதுக் கன்றுக்குத் தாவும். விதையாக வாங்கினால் ஒரு வாரத்துக்குள் ஊன்ற வேண்டும், ஐஸ்பெட்டியில் வைக்கவே கூடாது. செக்கோயாவுக்குச் செய்ததற்கு நேர்மாறு.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்தத் தட்டையும் மூடியையும் வீசிவிட வேண்டாம். கறிவேப்பிலைப் பழத்தின் சதையைக் கழுவி அன்றைக்கே அதில் விதைத்தால் அளவு கச்சிதம். மூடியில் நாலு ஓட்டை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.