கழற்றுவதா, கழற்றாமல் சரிசெய்வதா: இன்டேக் மேனிஃபோல்டும் வேக்குவம் கசிவும்

ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, சுற்று ஏறி இறங்குகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைப் பொருத்தினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற குறியீடு வருகிறது என்றால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. கழற்றாமலே ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்வது, கழற்றிக் கழுவி, இணைப்பின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட்டைப் புதிதாக வைத்துப் பூட்டுவது, மேனிஃபோல்டையே மாற்றிவிடுவது என மூன்று வழிகள் உள்ளன. ஆனால் உள்ளே படியும் கரி ஒரு கோளாறு. இணைப்புகளின் வழியே காற்று நுழைவது, அதாவது வேக்குவம் கசிவு, வேறொரு கோளாறு. கரியை எவ்வளவு சுரண்டினாலும் கசிவு அடைபடாது.

காற்றோட்ட சென்சார் அளந்த காற்றுக்கு ஏற்பவே கணினி பெட்ரோலை அளிக்கிறது. அந்தச் சென்சாரைத் தாண்டி, கிழிந்த ஹோஸ் வழியாகவோ இறுகிப்போன கேஸ்கட் வழியாகவோ நுழையும் காற்று கணக்கில் வராததால், 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதம் குலைந்து கலவை மெலிகிறது. ஐடிலிங்கில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ரோட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டின் உறிஞ்சுவிசை அப்போதுதான் மிகுதி. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில், கடல்மட்டத்தில், அது பொதுவாக 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவு இருக்கும். எனவே ஐடிலிங்கில் உயர்ந்து நிற்கும் எரிபொருள் திருத்த அளவு (கலவையைச் சரிசெய்யக் கணினி கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோலின் சதவீதம், ஸ்கேனரில் தெரியும்), சுற்றை நிமிடத்துக்கு 2500-க்கு உயர்த்தியதும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், கசிவைத் தேடத் தொடங்கலாம். மாறாக, சுமை கூடக் கூட அந்த அளவும் ஏறினால், அழுக்கேறிய காற்றோட்ட சென்சாரையோ பலவீனமான பெட்ரோல் பம்பையோ முதலில் பார்க்க வேண்டும்; மேனிஃபோல்டில் கைவைக்க அவசரமில்லை.

ஸ்ப்ரே அடிக்கும் முறை எளிது, ஆபத்து குறைவு. த்ரோட்டில் தட்டின் விளிம்பில் படிந்த பிசுக்கால் ஐடிலிங் தடுமாறினால் அதுவே போதும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் நிலைமை வேறு: அங்கே பெட்ரோல் இன்டேக் வால்வுகளைக் கழுவாமல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால், வால்வுகளின் பின்புறத்தில் கெட்டிப்படும் கரியை ஸ்ப்ரே பெரும்பாலும் அசைப்பதில்லை. எனினும் இந்த முறைக்காக பானெட்டைத் திறக்கும் அதே வேளையில், பிசிவி ஹோஸ் (எஞ்சின் அடிப்பகுதியின் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், பர்ஜ் வால்வு (பெட்ரோல் ஆவியை மேனிஃபோல்டுக்குள் விடுவது) ஆகியவற்றைப் பார்த்துவிட முடியும் என்பதையே இதன் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன். மேனிஃபோல்டின் மீது பழி விழும் கசிவு ஒரு ரப்பர் ஹோஸின் வெடிப்பாக முடிவது அரிதன்று. இணைப்புகளின் மேல் கார்ப் க்ளீனர் பீய்ச்சிச் சுற்று மாறுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம், சூடான எக்ஸாஸ்டின் அருகே தீப்பிடிக்கக் காரணமாகலாம். புகை செலுத்திச் சோதிப்பதே பாதுகாப்பானது, இடத்தையும் துல்லியமாகக் காட்டும்.

அந்தப் புகை மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலிருந்து கசிந்தால், கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை; கரியை எடுப்பது அப்போது உடன்கிடைக்கும் பலன். எஞ்சின் ஆறிய பின் பெட்ரோல் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்து, ஒவ்வொரு ஹோஸுக்கும் அடையாளம் ஒட்டி வைப்பது, பூட்டும்போது மணிக்கணக்கான குழப்பத்தைத் தவிர்க்கும். கழற்றியவுடன் ஹெட்டின் துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். உள்ளே விழும் சிறு நட்டுகூட எஞ்சினைப் பிரிக்கவைக்கும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டப் பிளாஸ்டிக் சுரண்டியே ஏற்றது. உப்புத்தாள் சக்கரத்தின் துகள்கள் எஞ்சினுக்குள் போனால் பேரிங்குகள் தேயும். அலுமினிய மேனிஃபோல்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் உலோகமே அரிக்கப்படும். நைலான் மேனிஃபோல்டுக்குக் கடுமையான கரைப்பானும் அதிக வெப்பமும் ஆகாது. நேர்விளிம்பு அளவுகோலையும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து முகப்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் பூட்டினால், புதிய கேஸ்கட்டும் சில மாதங்களில் பழைய கதையைத் தொடங்கிவிடலாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று கட்டங்களில், கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு இறுக்க வேண்டும். கசிவுக்குப் பயந்து கூடுதலாக முறுக்குவது பிளாஸ்டிக்கில் விரிசலையே தரும். இன்ஜெக்டர்களைக் கழற்றியிருந்தால் அவற்றின் ஓ-ரிங்குகளும் புதிதாக இருக்கட்டும், இல்லையேல் ஒரு கசிவை மூடி இன்னொன்றைத் திறந்ததாகிவிடும்.

மேனிஃபோல்டையே மாற்றுவது செலவு மிகுந்த வழி. அதன் உடலில் விரிசல் விழுந்திருந்தாலோ, முகப்பு அனுமதித்த அளவுக்கு மேல் வளைந்திருந்தாலோ, உள்ளே காற்றின் பாதையை மாற்றத் திறந்து மூடும் தட்டுகளின் தண்டு தேய்ந்து ஆடினாலோதான் அதற்கு நியாயம் உண்டு. வெறும் கரிக்காக மாற்றுவது வீண்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பூட்டி முடித்ததும் மீண்டும் ஒருமுறை புகையைச் செலுத்திப் பார்த்த பிறகே குறியீட்டை அழிக்க வேண்டும். பிறகு, திருத்த அளவு ஐடிலிங்கிலும் 2500 சுற்றிலும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்பதைச் சில நாள் ஓட்டத்திற்குப் பின் ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளலாம்.