சுங்கை சிப்புட்டில் வாங்கிய தாலிக்கொடி

மகளின் திருமணத்திற்காக மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள ஒரு நகைக்கடையில் மூன்று பவுனில், அதாவது 24 கிராமில், தாலிக்கொடி வாங்கினோம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் என் அம்மா சீட்டுக் கட்டி வாங்கிய சங்கிலியையும் மாற்றுக்குக் கொடுத்தோம். கடைக்காரர் அதை எங்கள் கண்ணெதிரிலேயே உரைகல்லில் தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு, மஞ்சள் கோடு கலையாமல் நிற்பதைக் காட்டிய பிறகே தராசில் வைத்தார். அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறேன். புதுக் கொடியின் கொக்கியில் 22 காரட்டுக்குரிய 916 முத்திரை தெளிவாக இருந்தது.

விலை உயர்வைப் பற்றிக் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். இந்தியா தனக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்வதால், அங்கே தீபாவளி, அட்சய திருதியை, முகூர்த்த மாதங்கள் வரும்போது கூடும் தேவை உலகச் சந்தையிலும் எதிரொலிக்கிறது. 2024 ஜூலையில் இந்திய அரசு இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்ததும் அங்கு உள்நாட்டு விலை இறங்கி, நகைக்கடைகளில் கூட்டம் பெருகியது. நமக்கோ, உலகச் சந்தையில் தங்கத்தின் விலை டாலரில் பேசப்படுவதால், ரிங்கிட் தளர்ந்தாலே விலை ஏறிவிடும்.

ஒரு குறை உண்டு. செய்கூலியை ரசீதில் தனியாகக் காட்டவில்லை. நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகே பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தோடு வருகிறவர்களுக்கு அதைக் கேட்காமலேயே தருவதுதான் முறை.