அக்கரையில் எண்ணிக் கொடுக்கும் கை: பேநவ்–யுபிஐ சேவை பற்றிய மதிப்புரை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடைகள், இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களின் ரொக்கச் சேவை, மூன்று கைப்பேசிச் செயலிகள் என எல்லாவற்றிலும் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். அனுப்புகிற பக்கத்தில் எல்லாச் சேவைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஊரில் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் யார் என்பதில்தான் தரம் பிரிகிறது. ஆகவே, ஒரு நிறுவனம் இந்தியாவில் யாரைக் கூட்டாளியாகச் சேர்த்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே கட்டணத்தையும் மாற்று விகிதத்தையும் பார்க்கிறேன். சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வை இந்தியாவின் யுபிஐயோடு இணைக்கும் சேவையையும் அதே கண்ணோடுதான் இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கட்டணம் குறைவு என்று நம்பி, புதிதாக இந்தியாவுக்கு வந்த ஒரு நிறுவனத்தின் வழியே அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன். ஆலங்குடியில் பணம் பெறும் இடமாக அவர்கள் காட்டியது ஒரு ரீசார்ஜ் கடை. அம்மா பேருந்து பிடித்துப் போனபோது, “தம்பி, கடை பூட்டிக் கெடக்கு, ரெண்டு நாளாத் தெறக்கலையாம்” என்று தொலைபேசியில் சொன்னார். மூன்றாம் நாள் கடை திறந்திருந்தது, ஆனால் பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் ஆதாரில் அப்பாவுடைய பெயரின் முதலெழுத்தும், பழைய வங்கிப் புத்தகத்தில் தாத்தாவுடைய பெயரின் முதலெழுத்தும் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் படிவமோ குடும்பப் பெயரைத் தனிக் கட்டத்தில் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. திருமணத்துக்குப் பின் பெயரின் முதலெழுத்து மாறும் வழக்கம் நம் ஊரில் எந்த வங்கி எழுத்தருக்கும் தெரியும். அந்த நிறுவனம் தேடிக்கொண்ட கூட்டாளிக்கு அதைத் தெரிந்துகொள்ளும் தேவையோ, தெரிந்தாலும் முடிவெடுக்கும் அதிகாரமோ இல்லை. பணம் எனக்குத் திரும்பி வரப் பதினொரு நாள் ஆனது. அந்த மாதம் அம்மா மருந்துக் கடையில் கடன் சொல்லி வாங்கினார்.

ரொக்கச் சேவையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நேர்கிறது என்பது விளங்கும். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் அனுமதி பெற்ற ஒரு முகவரோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்த முகவர் தமக்குக் கீழே துணை முகவர்களை நியமித்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஒருவருக்கு ஆண்டில் 30 முறை, ரொக்கமாக 50,000 ரூபாய் என்ற வரம்புகள் உண்டு. முகவரின் பாதுகாப்புக்காக வெளிநாட்டு நிறுவனம் பிணைத்தொகை வைக்க வேண்டும் என்பதும் விதி. இவை நல்ல விதிகள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் அந்தக் கடையின் மேசை இழுப்பறையில் 40,000 ரூபாய் இருக்குமா என்பதை எந்த ஒப்பந்தமும் உறுதிப்படுத்த முடியாது. புதிய நாட்டில் விரைவாகக் கால் பதிக்க நினைக்கும் நிறுவனம் துணை முகவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. பணம் பெறப் போகிறவருக்கோ அந்த எண்ணிக்கையில் ஒரே ஒரு கடைதான் கணக்கு.

பேநவ்–யுபிஐ இணைப்பை நான் உயர்வாக மதிப்பிடுவதற்குக் காரணம், அது கூட்டாளிகளைத் தேர்ந்த முறை. 2023 பிப்ரவரி 21 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில், ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் ரவி மேனனும் பணம் பரிமாறிக்கொண்டு இதைத் தொடங்கி வைத்தார்கள். சிங்கப்பூர்ப் பக்கத்தில் டிபிஎஸ் வங்கியும், வங்கியல்லாத நிதி நிறுவனமான லிக்விட் குழுமமும் சேர்ந்தன. இந்தியப் பக்கத்தில் முதலில் சேர்ந்த வங்கிகளில் ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ ஆகியவற்றோடு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன.

அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. 1937-இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் அந்த வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அந்நியச் செலாவணியையும் வெளிநாட்டு வங்கிப் பணிகளையும் கையாள்வதற்கென்றே எழுந்த வங்கி அது. அம்மாவின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஊரில் ஏற்கெனவே நம்பிக்கையைச் சம்பாதித்திருக்கும் இத்தகைய நிறுவனத்தைப் புதிதாக வருகிற எவரும் ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கிவிட முடியாது. சிங்கப்பூர்ப் பக்கத்துத் தேர்வும் பொருத்தமானதே. டிபிஎஸ்ஸின் பகுதியான பிஓஎஸ்பியில்தான் இங்கு உழைக்கும் நம் தொழிலாளர்கள் பலருக்குச் சம்பளக் கணக்கு இருக்கிறது.

முதல் முறை 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினேன். அம்மாவின் யுபிஐ முகவரியை இட்டதும், உறுதி செய்வதற்கு முன்பே எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்று திரையில் வந்தது. முதலெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை; வங்கி தன் வாடிக்கையாளரை அறிந்திருக்கிறது, அவ்வளவே. நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அம்மா அழைத்து, பணம் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டினார்.

கூட்டாளியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே அண்மைய சான்று ஒன்று இருக்கிறது. 2023-இல் இங்குள்ள பணமாற்று நிறுவனங்கள் வழியாகச் சீனாவுக்கு அனுப்பிய பணம், பெற்றவர்களின் கணக்குகளிலேயே அந்நாட்டுக் காவல்துறையால் முடக்கப்பட்டது. டிசம்பர் நடுப்பகுதிவரை ஏறக்குறைய 670 புகார்கள் பதிவாயின. முடங்கிய தொகை சுமார் 1.3 கோடி வெள்ளி. வங்கிகளையும் அட்டை நிறுவனங்களையும் விட்டு, வெளிநாட்டு மூன்றாம் தரப்பு முகவர்கள் வழியாகப் பணத்தைச் சேர்ப்பித்ததில்தான் சிக்கல் எழுந்தது. நாணய ஆணையம் 2024 ஜனவரி 1 முதல் அத்தகைய வழிகளை நிறுத்திவைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் தாங்கள் ஏறிய கடையை அறிந்திருந்தார்கள்; அந்தக் கடையின் சார்பில் அக்கரையில் பணம் கொடுத்தது யார் என்பதை அறிய அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. எந்த நாட்டில் யார் வழியாகப் பணம் சேர்க்கப்படுகிறது என்பதை ரசீதிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சேவையிலும் குறைகள் உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வெள்ளி என்ற வரம்புக்குள் வீட்டுச் செலவுக்கு அனுப்பலாம். தங்கையின் திருமணச் செலவுக்கு அது போதாது. யுபிஐ முகவரி இல்லாதவர்களுக்கு இது பயன்படாது. என் பெரியம்மா போல, பொத்தான் கைப்பேசியோடு வாழ்கிற முதியவர்கள் இன்னும் ரொக்க முகப்பையே நம்பியிருக்கிறார்கள். தொடக்கத்தில் இந்திய வங்கிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது. 2025 ஜூலையில் மேலும் 13 வங்கிகள் சேர்ந்து மொத்தம் 19 ஆனதால் அந்தக் குறை பெருமளவு தீர்ந்திருக்கிறது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் அதே அளவு விரிவு தேவை. வேறு வங்கிகளில் சம்பளம் வாங்குகிற என் அறைத் தோழர்கள் இருவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் நிற்கிறார்கள்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம். முதல் முறை சிறு தொகையை அனுப்பி, ஊரில் இருப்பவரை வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு நான் இப்போது அம்மாவின் கணக்குக்கே அனுப்புகிறேன். அம்மா எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்.