பசிபிக்கா, மேற்கு முனையா?

நகரியில் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணே, கம்ப்யூட்டர்ல ஆட நல்ல போர் விளையாட்டு சொல்லுங்க. ஆழமா இருக்கணும்."

என் மனசில் முதலில் நிற்பது 'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' (2009). இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு பசிபிக் பக்கம் நடந்த சண்டைதான் கதை. இரு பக்கமும் மாறி மாறிக் கட்டளை கொடுத்துச் சுற்றுச் சுற்றாய் ஆடணும். ஒரு சுற்றுக்கு ஒரு நாள் நகரும். வரைபடத்தில் ஒரு அறுகோணக் கட்டம் 40 கடல் மைல். 1941 டிசம்பரில் தொடங்கும் முழுப் போரை ஆட ஆயிரம் சுற்றுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர் உண்டு, எண்ணெய்க் கணக்கும் உண்டு. விமானிகளைக்கூடத் தனித்தனியே பார்த்துக்கொள்ளணும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. அந்த வங்கக் கடலும் வரைபடத்தில் இருக்கிறது, பார்க்கும்போதே உடம்பு சிலிர்க்கும்.

மேற்கு முனை என்றால் 'யூனிட்டி ஆஃப் கமாண்ட் 2' (2019). அதே உலகப் போர்தான், ஜெர்மனியை எதிர்த்து; ஆனால் வேறு ரகம். 1943 வட ஆப்பிரிக்காவில் தொடங்கி ஜெர்மனி வரை போகும். ஒரு சண்டை ஒரு மாலையில் முடிந்துவிடும். எதிரிக்குச் சரக்கு வரும் ரயில் பாதையை அறுத்துப் பட்டினி போடுவதில்தான் வெற்றி. அழகான ஆட்டம், கற்பதும் சுலபம்.

ஆனாலும் தம்பிக்குப் பசிபிக்கைத்தான் சொன்னேன். அவன் தறிக்குப் பாவு பிணைக்கிறவன். நூல் நூலாய் உட்காரும் பொறுமை அவனுக்கு உண்டு. முதலில் அதிலுள்ள சின்ன ஆட்டமான பவளக்கடல் சண்டையை மட்டும் ஆடிப் பார், கரண்ட் போகுமுன் ஒவ்வொரு சுற்றையும் சேமித்து வை என்றேன்.